ஆகாசக் கங்காணி

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டை ஆகாயத்துக்கும் வைத்த ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் ஆகாசக் கங்காணிதான். அவருடைய சொந்தப் பெயர் பெற்ற தாய்க்கே மறந்திருக்கும்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்த ஐம்பதுகளில், எங்கள் துரை ஒரு குட்டி விமானம் வைத்திருந்தார். கொழும்பிலிருந்து தானே ஓட்டி வந்து ஆற்றோரப் புல்வெளியில் இறங்குவார். இப்படிப் பறப்பவர்களுக்குக் கொழும்பு விமான நிலையக் கோபுரத்தில் உதவி உண்டு. வானிலை சொல்வார்கள், எதிரே வேறு விமானம் வந்தால் எச்சரிப்பார்கள், போன ஆள் இறங்கவில்லை என்றால் தேடவும் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் மலைக்கு இந்தப் பக்கம் அவர்கள் ரேடியோ எட்டாது. துரை வந்தாரா இல்லையா என்று நாங்கள்தான் போனில் சொல்ல வேண்டும்.

அந்தப் பொறுப்பைக் கங்காணி யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். பனிமூட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களை அவர் "ஓய்" என்று கூப்பிட்டால், ஒவ்வொருத்தியும் பதில் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவளைக் கண்டுபிடிக்காமல் மலையை விட்டு இறங்க மாட்டார். துரைக்கும் அதே சட்டம்.

"தொரை, ஸ்டோருக்கு மேல வர்றப்ப ரெண்டு தடவ உறுமிக் காட்டுங்க. அப்பதான் வந்ததாப் பேர் போடுவேன்."

துரையும் சிரித்துக்கொண்டே தேயிலை ஸ்டோருக்கு மேல் உறுமினார். ஆனால் பனி கண்டால் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கிச் சீட்டாடப் போய்விடுவார். கங்காணியோ கோபுரத்துக்குப் போன் போட்டு ஊரையே எழுப்புவார். ஒருமுறை தேடி வந்த போலீஸ் ஜீப், துரையைச் சீட்டும் கையுமாகப் பிடித்தது.

"இன்னொரு தரம் போன் பண்ணினா ஒனக்குப் பத்துச்சீட்டு!" என்று துரை கத்தினார். பத்துச்சீட்டு கொடுத்தால் வேலையும் போச்சு, குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போச்சு.

அடுத்த வாரமே மலை முழுக்கப் பனி. துரை வரவில்லை. பக்கத்துத் தோட்டத்திலும் இல்லை. கங்காணி போனைப் பார்த்தார். நான் அதைக் கையால் மூடிக்கொண்டேன்.

"வேணாங்க கங்காணி. புள்ளகுட்டியோட எங்க போவீங்க?"

"புள்ளைங்க எப்படியாவது பொழச்சுக்கும். மேல போன ஆளு எறங்கலயே, கிளாக்கரய்யா. கைய எடுங்க!"

கோபுரத்தில் பேசியவர் யாழ்ப்பாணத்துக்காரர். "உங்கட துரை பனியைக் கண்டு திரும்பி வந்திட்டார். இஞ்ச தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"நம்ப மாட்டேங்க. அவரப் பேசச் சொல்லுங்க."

துரை போனுக்கு வந்தார். தோட்டத் தமிழில் இருக்கும் வசவெல்லாம் கம்பி வழியே வந்து, ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கடைசியாகப் பத்துச்சீட்டும் வந்தது. கங்காணி போனை வைத்துவிட்டுத் தலைப்பாகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொரலு கணீர்னு இருக்குங்க. பேர் போட்டுக்கங்க."

மறுநாள் நல்ல வெயில். கங்காணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது விமானம் வந்தது. ஸ்டோருக்கு மேல் இரண்டு தடவை உறுமியது. பிறகு வட்டமடித்து, அவருடைய லயத்துக்கு மேலேயும் வந்து இரண்டு தடவை உறுமியது. பத்துச்சீட்டைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

நான் பனியில் காணாமல் போயிருந்தாலும் அந்த மனிதர் சும்மா இருந்திருக்க மாட்டார். அந்த நினைப்பு எனக்கு இன்றைக்கும் ஒரு கம்பளி மாதிரி.