முப்பது கூட்டுக்கும் முழுத் திருப்தி

மனிதன் கண்டுபிடித்ததிலேயே உயர்ந்தது மேற்பார்வைதான். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போதெல்லாம் ஒரு காரியம் தன்பாட்டுக்கு நடக்கும் என்று எவனும் நம்புவதில்லை. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி, "தூங்குறியா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறார்கள்.

பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் புழுக்களுக்குத் தழை வெட்டிப் போடுவது என் வேலை. படிப்பு நாலாங்கிளாஸ். ஆராய்ச்சி செய்கிற பெண் எனக்குப் புரியும்படி சொன்னாள்:

"பெரியவரே, கூட்டுக்குள்ள போனதும், புழு ஊர்றதுக்கு வச்சிருந்த சதையெல்லாம் கரைஞ்சிடும். நரம்பு மட்டும் எடம் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அதைச் சுத்தி, பறக்கிற சதை புதுசா வளரும். பதினெட்டு நாள் தொடாம விட்டாப் போதும்."

கரைந்தது கட்டிக்கொள்ளுமா? நான் நம்பவில்லை. ஆனால் அவள் வயிற்றுப்பாடே அதில்தான் இருந்தது. முப்பது கூட்டில் ஒன்றாவது பறந்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புழுக்கள் கூடு கட்டிய மூன்றாம் நாள் 'முன்னேற்றக் கண்காணிப்பு அதிகாரி' எழுந்தருளினார். கூடுகளைக் காட்டி அவளிடம் கேட்டார்:

"இவங்கல்லாம் ஏன் சும்மா கிடக்காங்க?"

"உள்ள வேலை நடக்குது சார்."

"அத்தாட்சி?"

"பதினெட்டாம் நாள் பறக்கும்."

"அது முடிவும்மா. நான் கேக்கிறது முன்னேற்றம். தினம் ரெண்டைத் திறந்து காட்டுங்க."

"திறந்தா செத்துடும் சார்."

"சாகட்டும். ஆனா அறிக்கை நிக்கக் கூடாது."

என்ன தெளிவு! எனக்குப் புல்லரித்துப்போனது. "ஐயா, பாவங்க..." என்று வாயெடுத்தேன்.

"நீங்க அதுங்களுக்குத் தழையைப் போடுங்க பெரியவரே."

கூட்டுக்குள் கிடப்பது தழை தின்னாது என்று சொல்லி அந்த அறிவாளியின் மனதை நோகடிக்கவில்லை.

தினம் இரண்டைக் கீறினார்கள். 'சதை கரைகிறது: திருப்தி.' 'நரம்பு பணியிடத்தில் உள்ளது: திருப்தி.' பதின்மூன்றாம் நாள் திறந்ததில், மார்புக்குள் புதுச் சதை கயிறு கயிறாக நின்றது. என் அவநம்பிக்கையிலேயே ஓட்டை விழுந்துவிட்டது. 'மிக்க திருப்தி' என்று எழுதினார் அதிகாரி. அவள் கத்தியைக் கழுவினாள்.

பதினாறாம் நாள் மிச்சம் இரண்டு.

"இதையாவது விட்டுடுங்க சார். நாளன்னிக்குப் பறந்துடும்."

"கடைசி நேரத்துலதாம்மா அசந்துடக் கூடாது."

மறுநாள் அந்த இரண்டையும் திறந்தார்கள். இறகு மடிந்து தயாராக இருந்தது. முழுத் திருப்தி.

பதினெட்டாம் நாள் மேலிடத்துக் குழு வந்து, பூச்சி எங்கே என்றது. அதிகாரி கோப்பை நீட்டினார். "கண்காணிப்புல குறையே இல்லை. பறக்க வைக்கிறது மட்டும் இந்தம்மா பொறுப்பு." அவளுக்கு வீட்டுக்கு அனுப்பும் ஆணை, அவருக்குப் பதவி உயர்வு.

சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் ஒழுங்கா வளந்துச்சு. நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பாத்தேங்க. வளந்ததைப் பூராவும் நீங்க கொன்னதையும் பாத்தேன். அதுக்கு எந்தக் கட்டத்துல கையெழுத்து?"

அவர் படிவத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினார். அப்படி ஒரு கட்டம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினேன்.