ரெண்டு கரண்டி மாவு, நாலு தோசை

ஓசூர் தொழிற்பேட்டையில் மழையை ஜென்ம விரோதி மாதிரி முறைத்துப் பார்த்த ஒரே மனுஷர் எங்கள் பாக்கெட் சார்தான். பாரூரில் நெல் போட்டிருந்த வாட்ச்மேன் முனியப்பண்ணன் மேகம் திரண்டாலே கையெடுத்துக் கும்பிடுவார். இவர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார்.

"ஏரி ரொம்பினாத்தான சார் எங்களுக்குச் சோறு?"

"பெய்யட்டும் முனியப்பா, வேணாங்கல. பாரூரோட நின்னுக்கச் சொல்லு!"

அந்த லென்ஸ் கம்பெனியில் நான் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு. மொத்தப் பிரிவும் அவர் ஒருத்தர்தான். இருபரிமாண பெரோவ்ஸ்கைட் என்று ஒரு பூச்சு செய்தார். கண்ணாடித் துண்டின் மேல் அடுக்கடுக்காக, அப்படி ஒரு மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அதற்குள் போனால் பச்சையாக வெளியே வருமாம். ஈரக்காற்று பட்டால் மட்டும் பூச்சு பாழ்.

அதனால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பாக்கெட் சேர்த்தார். புதுச் செருப்பு டப்பாவுக்குள் 'தின்னாதீர்கள்' என்று எழுதிப் போட்டிருப்பார்களே, அதேதான். "நான் ஆர்டர் போடறேன் சார்" என்றால், "அது வர்றதுக்குள்ள என் பூச்சு செத்துரும், பர்ச்சேஸ்!" என்பார். என் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது என்றே நினைக்கிறேன். யார் புதுச் செருப்பு போட்டு வந்தாலும், "பாக்கெட் எங்க?" என்பதுதான் முதல் கேள்வி. செருப்பு நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை வாயில் வராது.

முனியப்பண்ணன் மகள் கல்யாணம் குருபரப்பள்ளியில் நடந்தது. பந்திக்குப் போன மனுஷரைக் காணோம். தேடினால், பெண்ணுக்கு வந்த மிக்ஸி டப்பாவுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு நிற்கிறார்! மாப்பிள்ளை வீட்டார் வளைத்துக்கொண்டார்கள். அவர்கள் என்ன பாஷை என்று தெரியாமல், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே மூச்சாகக் கத்தினார்: "பாக்கெட் போதும்! பாக்கெட் சாலு! பாக்கெட் சாக்கு!" முனியப்பண்ணன் ஓடிவந்து மீட்டார். திரும்பி வரும் வழியெல்லாம், அந்த மிக்ஸியில் பாக்கெட்டே வைக்கவில்லை என்று புலம்பல் வேறு.

கேன்டீன் லட்சுமக்கா ஒருநாள் கேட்டேவிட்டார். "அந்தப் பூச்சுல அப்பிடி என்னாதான் சார் இருக்குது?"

"ஒரு கரண்டி மாவு ஊத்தினா ஒரு தோசை. ரெண்டு கரண்டி ஊத்தினா?"

"ரெண்டு தோசை."

"என் பூச்சுல நாலு! உள்ள போற வெளிச்சத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா, பச்சை நாலு மடங்கு வரும்."

"அய்யோ தேவுடா! அந்த மாவை எனக்குக் கொஞ்சம் குடுங்க சார்."

முதலாளிக்குத்தான் பொறுமை தீர்ந்துபோனது. பூச்சை வாங்குகிறவர்கள் பெங்களூரிலிருந்து வரும் அன்று பச்சை வராவிட்டால், ஆராய்ச்சி அறையைக் காலி செய்து அட்டைப்பெட்டி அடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஸ்டோர்காரர் டேப்போடு வந்து சுவரை அளந்தே விட்டார். பாக்கெட் சார் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த நாளும் வந்தது, கூடவே மழையும் வந்து தொலைத்தது. கரண்ட் போய் வந்ததில், ஈரம் உறிஞ்சும் மெஷின் புகைந்து படுத்துக்கொண்டது. இருந்த பாக்கெட்டெல்லாம் ஏற்கெனவே ஈரம் குடித்து ஊறிப்போயிருந்தன. பூச்சு இருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "போச்சு" என்றார். கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை.

திடீரென்று துள்ளி எழுந்தார். "வறுத்தா காஞ்சுரும்! பர்ச்சேஸ், ஓடு, ஒரு புது வாணலி வாங்கிட்டு வா!"

கொட்டுகிற மழையில் ஓடினேன். 'ஆராய்ச்சிக்கு வாணலி' என்று பில் போட்ட பர்ச்சேஸ்காரன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சேதி பரவி, ஷாப் ஃப்ளோரிலிருந்து ஆளாளுக்கு வந்தார்கள். பையிலும் லாக்கரிலும் கிடந்த பாக்கெட்டையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். சுவரை அளந்த ஸ்டோர்காரரே உட்கார்ந்து பிரித்துக்கொடுத்தார். உள்ளே இருந்த சிலிக்கா மணிகளை லட்சுமக்கா வாணலியில் வறுத்தார்.

"கருக விட்றாதம்மா!"

"எத்தினி வேர்க்கடலை வறுத்த கை சார் இது? தள்ளி நில்லுங்க!"

ஆறிய மணிகளைத் துணியில் கட்டிப் பூச்சு டப்பாவுக்குள் வைத்துக் காத்திருந்தோம். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பாக்கெட் சார் விளக்கை அணைத்தார். முதலில் ஒன்றையும் காணோம். அப்புறம் எதிரே இருந்த வெள்ளைத்தாளில் மெல்ல ஒரு பச்சைப் புள்ளி.

"லேசரை ரெண்டு மடங்கு ஆக்குங்க," என்றார் பெங்களூரிலிருந்து வந்தவர்களில் ஒரு அம்மா.

ஆக்கினார். பச்சை குபீரென்று எழுந்தது. வாசலிலிருந்து லட்சுமக்கா குரல்: "நாலு தோசை!"

முதலாளி திரும்பி முறைத்தார். அந்த அம்மா மீட்டரைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: "ஹௌது, நால்கே!" ஆமாம், நாலேதான்.

அறை தப்பியது. இப்போது அவருக்குப் பெரிய அறை, துளி ஈரம் நுழையாத கண்ணாடிப்பெட்டி எல்லாம் வந்தாச்சு. பாக்கெட்டுக்குத் தேவையே இல்லை. நானும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். ஆனாலும் போன வாரம் புது ஷூ வாங்கியதும், கால் தானாக அவர் கம்பெனி கேட்டுக்குத்தான் போனது. பாக்கெட்டை நீட்டினேன். எதுக்கு என்று கேட்காமல் சட்டைப்பையைத் திறந்து பிடித்தார். போட்டேன்.

அப்புறம் குனிந்து என் காலைப் பார்த்துச் சொன்னார்: "ஷூ நல்லாருக்கு, பர்ச்சேஸ்."