மண்ணுக்கு டிக்கெட் போட்டவர்

அரசாங்க பஸ்ஸில் ஒரு மூட்டை மண்ணை ஏற்றி, அதற்குத் தனக்குத்தானே லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்ட கண்டக்டர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தார். என் ஜாதகம் அப்படி.

புதுக்கோட்டைக்கு வெளியே இருக்கும் எங்கள் நகரில் அவருக்குக் கண்டக்டர் என்றுதான் பெயர். அப்போது நான் அன்னவாசலில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்தேன். சாயங்காலம் வீடு திரும்புவது அவர் பஸ்ஸில். அன்னவாசலில் டிரைவர் டீ குடிக்க இறங்கினால், இவர் கண்மாய்ப் பக்கம் இறங்கிவிடுவார். சாக்குப் பையில் வண்டல் மண்ணை நிரப்பி, முதுகு வளைய இழுத்துக்கொண்டு வருவார். பஸ் நிறைய ஜனம் காத்திருக்கும்.

"யோவ் கண்டக்டரே, வீட்டுக்குப் போகணுமா வேணாமா?"

"இருங்க, ஒரு பாசஞ்சர் ஏறுறாரு."

மூட்டையைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு டிக்கெட்டைக் கிழிப்பார். "மண்ணுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?" என்று ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"எடத்த அடைக்குதுல்ல? ஓசியில கூட்டிட்டுப் போக அது என்ன எனக்கு மாமனா மச்சானா?"

இந்தக் கூத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் நகர் முழுக்கச் செம்புறாங்கல் பாறை. கடப்பாறையை ஓங்கிப் போட்டால் அது திரும்பி நம் மூஞ்சிக்கு வரும். புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். கண்டக்டரின் மனைவிக்கோ ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம். வாசலைத் தாண்டினால் பலா மரத்தில் முட்டிக்கொள்ளும் ஊர். அந்த அக்கா இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாளே கொல்லையில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னார்.

"இந்தப் பாறையில மனுசி இருப்பாளா? நீங்க ரிட்டயர் ஆகுறதுக்குள்ள இந்தக் கொல்லையில ஒரு பலாப்பழம் பழுக்கணும். பழுத்தா இருக்கேன். இல்லாட்டி வீட்ட வித்துட்டு எங்க ஊருக்கே போயிருவோம்."

"சரி" என்றார் கண்டக்டர். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகப் பதிமூன்று வருஷம் மண் சுமந்தார்.

முதல் வருஷம் ஒரே ஒரு குழி வெட்டினார். அதற்கே கோடை முழுக்க ஆயிற்று. குழியை வண்டலால் நிரப்பி, அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த பலாக்கன்றை நட்டார். நட்ட இடம் என் காம்பவுண்டுச் சுவருக்கு நாலடி தள்ளி. அதை அன்றைக்கே தடுத்திருக்க வேண்டும். நான் மடையன்.

அப்புறம் வருஷத்துக்கு இரண்டடி, மூன்றடி என்று பாறையை உடைத்துக்கொண்டே போனார். உடைத்த கல்லால் பாத்திக்கு வரம்பு கட்டினார். உடைத்த இடத்தில் ஊர் ஊராக ஏறி வந்த மண்ணைக் கொட்டினார். ஒரு வருஷம் எலுமிச்சை, ஒரு வருஷம் கொய்யா, ஒரு வருஷம் முருங்கை. பஸ்ஸில் ஆளை உட்கார வைப்பது மாதிரிதான் செடி வைப்பார்.

"முன்னாடி இருக்கிற பூச்செடியெல்லாம் லேடீஸ் தம்பி. இந்த முருங்கை இருக்கானே, படிக்கட்டுல தொங்குற காலேஜ் பய. ஒடிஞ்சு விழுவான், சொன்னாக் கேக்க மாட்டான்."

எனக்குச் செடி கொடி ஆசையெல்லாம் கிடையாது. கொல்லையில் ஒரு துவைக்கிற கல், ஒரு கொடிக்கயிறு. மனுஷனுக்கு அது போதும்.

தண்ணீர் பாய்ச்சுவதற்கும் விசில்தான். இரண்டு விசில் ஊதினால் உள்ளே அக்கா மோட்டாரைப் போட வேண்டும். ஒரு விசில் ஊதினால் நிறுத்த வேண்டும். ஒருநாள் தெருவில் ஒரு பெண் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தது. இவர் கொல்லையிலிருந்து ஓங்கி ஒரு விசில் கொடுத்தார். அந்தப் பெண் பயந்து பிரேக்கை மிதிக்க, பின்னால் வந்த தண்ணீர் வண்டிக்காரரும் பிரேக்கை மிதிக்க, அதற்கும் பின்னால் வந்த நான் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கினேன். எட்டிப் பார்த்த கண்டக்டர், "எறங்கும்போது பாத்து எறங்க வேணாமா தம்பி?" என்றார். நான் பதிலுக்குச் சொன்னதை இந்தப் பத்திரிகை போடாது.

இதைவிடக் கேவலம் நார்த்தாமலையில் நடந்தது. என் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாணம். மரியாதைக்கு அழைத்தேன், மனுஷன் வந்துவிட்டார். பந்தியில் பாயசம் தீர்ந்துபோனதற்குப் பரிமாறுகிறவரோடு சத்தம் போட்டார். கை கழுவினார். நேராக மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போய்க் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

கோபத்தில் வாசல் மண்ணை வாரினால் எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அத்தை போட்ட கூச்சலில் மேளம் நின்றுபோனது.

"அய்யோ, மண்ண வாருறானே! நல்ல காரியத்துல மண்ண வாரித் தூத்தப் போறானே பாவி! பிடிங்கடா அவன!"

பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். கண்டக்டர் நிதானமாக மண்ணை மோந்து பார்த்தார். தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை எடுத்து என் கையில் கொடுத்தார். மண்ணைப் பையில் போட்டார்.

"யாரும்மா தூத்துறா? எவ்வளவு நல்ல மண்ணு! இதப் போயி சாபத்துக்கு வேஸ்ட் பண்ணுவேனா?"

அவரை அடிக்காமல் விட்டார்கள். கூட்டிவந்தவன் யார் என்று கேட்டு என்னைத்தான் திட்டினார்கள். அந்தத் தங்கை வீட்டில் எனக்கு இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பலா வளர்ந்தது. பூதம் மாதிரி வளர்ந்தது. இலையெல்லாம் என் பக்கம் கொட்டியது, வேர் என் சுவருக்கு அடியில் புகுந்து விரிசல் விட்டது. காய்க்க மட்டும் இல்லை. வருஷா வருஷம் விரல் நீளத்துக்குப் பிஞ்சு வரும், கறுத்து உதிரும். அவர் ஒவ்வொன்றையும் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணே, மரத்த வெட்டுங்க. இல்லாட்டி என் சொவத்தக் கட்டிக் குடுங்க."

"நான் அங்கிட்டுப் போகாதன்னுதான் சொல்றேன் தம்பி. வேரு கேக்க மாட்டேங்குதே."

இதற்கு மேல் என்ன பேசுவது? மூன்று மாதம் நான் அவரோடு பேசவில்லை. அவர் பாட்டுக்குச் சுவருக்கு மேலே கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போவார். நான் தின்றேன். ஆனால் பேசவில்லை.

ரிட்டயர் ஆனார். பழம் இல்லை. அக்கா பெரிய மனசு பண்ணி இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார். அதுவும் போனது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் திருச்சிக்காரர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தான். அவர் வந்து வீட்டைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், "இதையெல்லாம் எடுத்துட்டு சிமென்ட் போட்டுட்டா கார் நிறுத்தலாம்" என்றார். வெள்ளிக்கிழமை வந்து பேச்சை முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. கண்டக்டர் கொல்லைப் பக்கம் போனார். அன்றைக்கும் இரண்டு விசில் ஊதித் தண்ணீர் பாய்ச்சினார். எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்ல மாட்டேன். தொல்லை ஒழிந்தது என்று என் மனைவியிடம் சொன்னேன்.

புதன்கிழமை காலை துவைக்கிற கல் பக்கம் போனேன். வாசனை மூக்கைத் துளைத்தது. கல்லுக்கு அடியில் மண் பிளந்திருந்தது. குச்சியால் கிளறினேன். முள் முள்ளாகத் தட்டுப்பட்டது. மரத்தில் ஒரு காய் இல்லை. வேரிலே காய்த்து, மண்ணுக்குள்ளேயே பழுத்து, என் கொல்லையில் கிடந்தது ஒரு பலாப்பழம்.

கூப்பிட்டேன். இரண்டு பேரும் சுற்றி வந்தார்கள். கண்டக்டர் மண்டி போட்டு அதைத் தடவிப் பார்த்தார். அக்கா மட்டும் சுவரைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார்.

"நான் நம்ம கொல்லையிலன்னுதான் சொன்னேன். இது தம்பி கொல்லையில்ல?"

"அக்கா, வேரு யாரு வீட்டு வேரு?"

"பழம் யாரு வீட்டுல கெடக்கு? அதச் சொல்லுங்க."

கண்டக்டர் எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "அவ சொல்றது சரிதான் தம்பி. எல்லை தாண்டிருச்சு. ரூல் ரூல்தான்." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். மண்ணுக்கு டிக்கெட் போட்ட ஆளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதிமூன்று வருஷம் என் உயிரை வாங்கிவிட்டு, ரூலாம் ரூல். ஷெட்டிலிருந்த சம்மட்டியை எடுத்து வந்து சுவரில் ஒன்று போட்டேன். ஏற்கெனவே வேர் பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. நாலு அடியில் எட்டடிச் சுவர் சாய்ந்தது.

"ஏங்க, ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று என் மனைவி ஓடிவந்தாள்.

"பேசாம இரு. அக்கா, இப்பச் சொல்லுங்க. எது ஒங்க கொல்லை? எது எங்க கொல்லை?"

அக்கா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உடைந்த செங்கல் மேலேயே நடந்து உள்ளே போனார். அரிவாளும் ஒரு கிண்ணம் எண்ணெயுமாகத் திரும்பி வந்து, கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பழத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சுளை அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. நார் நாராக இருந்தது. பலா ஊர்க்கார அக்கா ஒரு சுளையை மென்றுவிட்டு, "சுமார்தான்" என்றார். கண்டக்டர் மட்டும் ஏழு சுளை தின்றார். திருச்சிக்காரருக்கு அன்றைக்கே போன் போட்டு வர வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

ஆயிற்று ஒரு வருஷம். சுவரை நான் இன்னும் எடுத்துக் கட்டவில்லை. கேட்கிறவர்களிடம் கொத்தனார் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.