ஜெரோம் வாங்கிய தொண்ணூற்றெட்டு மார்க்

கணபதிப் பகுதியில் பம்புக்கு வார்ப்படம் ஊற்றும் கம்பெனி ஒன்றில் ஜெரோம் சூப்பர்வைசர். இருபது வருஷமாக உலைக்குப் பக்கத்தில் நின்று நின்று ஆளே பாதி வெந்திருந்தார். அதனால் நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்துபோனார். ஊழியர் அனைவரும் போனிலேயே சுற்றுச்சூழல் பயிற்சி முடிக்க வேண்டும். பன்னிரண்டு பாடம். முதல் மார்க் வாங்குகிறவர்தான் மற்றவர்களுக்குப் பயிற்சியாளர். உட்கார ஏசி அறை.

அந்த நாற்காலி தனக்குத்தான் என்று சபதமே எடுத்தார். முதல் பாடத்தின் நாலாவது நிமிஷத்தில் குறட்டை விட்டார்.

மறுநாள் போனை மனைவி மெர்சியிடம் நீட்டினார்.

“அம்மணி, உனக்குப் பொது அறிவு வளரட்டுமேன்னு ஒரு ஏற்பாடு செஞ்சுபோட்டேன். இந்த வீடியோவெல்லாம் பாத்து, கேள்விக்குப் பதிலைத் தட்டிவிடு.”

“உங்க பேருல இருக்குதுங்களே?”

“ஊட்டுக்குள்ள என் பேரு, உன் பேருன்னு என்ன கண்ணு பேதம்?”

மெர்சி போனை வாங்கிக்கொண்டாள். ரெண்டு வாரம் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்துப் படித்தாள். தொண்ணூற்றெட்டு மார்க். கம்பெனியிலேயே முதல்.

ஜெரோம் தெருத் தெருவாக மார்க்கைச் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டு முஸ்தபாவிடம் மட்டும் மூன்று தடவை. வெள்ளிக்கிழமை மேனேஜர் திருமலைசாமி கூப்பிட்டார்.

“அடுத்த வாரம் போயி வர்ற திங்கக்கிழமை முதல் வகுப்புங்க. நூத்தியிருபது பேரு. நடத்திருவீங்கல்ல?”

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. பாடம் நடத்த வேண்டுமானால் பாடம் தெரிந்திருக்க வேண்டும்.

“அம்மணி, பத்து நாள் இருக்குது. கொஞ்சம் சொல்லிக் குடு.”

“சொல்லிக் குடுத்தா நிக்காதுங்க. செஞ்சாத்தான் மனசுல நிக்கும்” என்றாள் மெர்சி. குப்பைக் கூடையை எடுத்து அவர் முன்னால் கவிழ்த்தாள்.

“முட்டை ஓடு?”

“மக்காது.”

“மக்குமுங்க. பால் கவர்?”

“மக்கும்.”

“மக்காதுங்க. இந்த ஊட்டுல மக்கு எதுன்னு இப்பத் தெரிஞ்சுதுங்களா?”

செவ்வாய்க்கிழமை தண்ணீர்ச் சிக்கனம். ஒரே குடத்தில் மொத்தப் பாத்திரத்தையும் தேய்த்தார். புதன்கிழமை மின்சாரச் சிக்கனம். வாஷிங் மெஷினுக்கு லீவு, துவைக்கிற கல்லில் ஜெரோம். வியாழக்கிழமை எரிபொருள் சிக்கனம். பைக் சாவி அவளிடம் போனது. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு காய்கறி வாங்க நடந்தவரை முஸ்தபா நிறுத்தினார்.

“ஏனுங்ணா, இந்தக் கோலம்?”

“ட்ரெய்னிங் குடுக்கறதுக்குத் தயாராகறனுங்க பாய்.”

“குடுக்கற மாதிரி தெரியலீங்களே, வாங்கற மாதிரியல்ல இருக்குது.”

திங்கட்கிழமை வந்தது. கஞ்சி போட்ட சட்டை, குனிய முடியாத இடுப்பு. ஜெரோம் மைக்கைப் பிடித்து “அன்பு நண்பர்களே” என்றார். மேனேஜர் அவர் தோளைத் தொட்டார்.

“உக்காருங்க ஜெரோம். பயிற்சியாளர் வந்துட்டாங்க.”

கதவைத் திறந்துகொண்டு மெர்சி வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை.

கடைசிப் பாடத்துக்குக் கீழே ‘உங்கள் கருத்து’ என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. சோறு தின்னும்போது ஜெரோம் வார்ப்பு அச்சில் மிஞ்சும் கழிவு மணலைப் பற்றிப் புலம்புவதையெல்லாம் வருஷக்கணக்கில் கேட்டவள், அதைக் குறைக்க ஏழு வழி எழுதியிருந்தாள். அடியில், ‘இப்படிக்கு, பாடம் படித்த மெர்சி, ஜெரோமின் மனைவி.’ அதைப் படித்த மேனேஜர், ஜெரோமைக் கூப்பிடுவதற்கு முன்பே அவளிடம் பேசிவிட்டார்.

“நீங்களே வந்து உண்மையைச் சொல்றீங்களான்னு பத்து நாள் பொறுத்துப் பாத்தனுங்க” என்றார் ஜெரோமிடம். ஜெரோம் தரையைப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

டீ இடைவேளையில் மனைவியை ஓரங்கட்டினார்.

“எல்லாந் தெரிஞ்சும் பத்து நாளா என்னை எதுக்கு அம்மணி பாத்திரம் தேய்க்க வெச்ச?”

“அது செய்முறைப் பயிற்சிங்க” என்றாள் மெர்சி, டீயை ஆற்றிக்கொண்டே. “இனி நானும் வேலைக்கு வாரனில்லீங்களா, அதனால அந்த வேலையில உங்களைப் பெர்மனன்ட் பண்ணியாச்சுங்க.”