கூழ் பிடித்த பிளாஸ்க்கும் மூக்கரும்

எங்கள் ஒழுங்கையில் மூக்கர் மோந்து பார்க்காத பொருள் எதுவும் கிடையாது. ஓட்டோ ஓட்டுகிறவர். ஏறுகிற ஆளை மோந்தே, "அடுப்பிலை பருப்பு அடிப்பிடிச்சிட்டுது போலை, இறங்கிப் பாத்திட்டு வாங்கோ" என்பார். பார்த்தால் பிடித்துத்தான் இருக்கும். கலியாண வீட்டில் பாயசத்தை மோந்து அவர் தலையாட்டும்வரை பந்தி தொடங்காது. அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கும் மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நல்ல மனிசி, பணியாரம் சுட்டால் எனக்கும் அனுப்புவாள். அது கிடக்கட்டும்.

என் மகள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேரனைப் பார்க்கச் சண்டிலிப்பாயிலிருந்து சம்பந்தி அம்மா வருவதாகச் செய்தி வந்தது. தோட்டம் செய்கிற குடும்பம், மீன் மச்சம் எதுவும் தொடாதவர்கள். நாங்கள் கடல் தொழிலை நம்பிய ஆட்கள். கலியாணம் முடிந்தும் எங்கள் கையால் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. இந்த முறை தேத்தண்ணி கொடுத்தே தீருவது என்று சில்வர் பிளாஸ்க்கைத் திறந்தேன். திறந்த கையோடு மூடினேன், அப்படி ஒரு நாற்றம்.

மருமகனின் வேலை. எங்கள் வீட்டு நண்டுக் கூழ் என்றால் அவர் உயிரை விடுவார். அது அவருடைய அம்மாவுக்குத் தெரியாது. கந்தோர் வேலைக்குக் கொண்டுபோன கூழில் மிச்சம் வைத்து மூடியைப் பூட்டி, நாட்கணக்காக மறந்திருக்கிறார். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், போகவில்லை. சாம்பிராணிப் புகை பிடித்தேன். கோயிலுக்குள் நண்டு புகுந்ததுபோல ஆகிவிட்டது.

மூக்கரிடம் ஓடினேன்.

"நண்டு, இறால், முருங்கையிலை," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "புளி கொஞ்சம் கூடிப்போச்சு, அக்கா."

"புளியை விடும். இது போகுமோ, போகாதோ?"

"உள்ளுக்கை அவ்வளவு இல்லை. கள்ளன் மூடிக்கை இருக்கிறான். உங்கடை கொண்டையூசியைத் தாங்கோ."

மூடிக்குள் இருந்த றப்பர் வளையத்தை ஊசியால் கிளப்பினார். அதன் அடியில் கூழ் காய்ந்து கிடந்தது. வளையத்தை வினாகிரியில் ஊறப்போட்டார். பிளாஸ்க்குக்குள் அப்பச்சோடா போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றி, மூடாமல் வைத்தார். கழுவிய பிறகு, வாய் திறந்தபடி அதை ஓட்டோக் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டு அச்சுவேலிப் பக்கம் ஓடினார். காற்றுப் படட்டுமாம். ஏறினவர்களையெல்லாம் மோந்து பார்க்கச் சொன்னாராம். ஒரு ரீச்சர், "ஒரு மணமுமில்லை, என்னை இறக்கி விடுங்கோ" என்ற பிறகே திரும்பி வந்தார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சம்பந்தி கோப்பையைக் கையில் வாங்கினார். மருமகன் யன்னலைப் பார்த்தார். எங்களை ஓட்டோவில் கொண்டுவந்து விட்டு வாசலில் நின்ற மூக்கர் சம்பந்தியின் மூக்கையே பார்த்தார்.

ஒரு மிடறு குடித்து, "இஞ்சி போட்டனீங்களோ?" என்றார் சம்பந்தி.

"ஓம், கொஞ்சம்."

"நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ."

நான் கோப்பையை நிரப்பினேன். குடித்து முடித்தவர், மூக்கரையும் எங்கள் சொந்தம் என்று நினைத்துவிட்டார் போலும். "உதிலை ஏன் நிக்கிறியள், தம்பி? வந்து பிள்ளையைத் தூக்குங்கோ" என்றார்.

மூக்கர் தூக்கினார். உச்சந்தலையில் மூக்கை வைத்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எல்லோரும் பார்த்திருந்தோம். அவர் மூக்கை எடுக்கவேயில்லை. நேர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். நான் பிள்ளையைக் கேட்டு வாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.