டோர்வால்ட் ஏரி ஆடவர் நீதிச் சபை

மனித குலத்தின் பெரிய அநீதிகளைத் தட்டிக் கேட்ட சபைகளின் வரலாற்றை யாராவது எழுதினால், முதல் அத்தியாயம் மினசோட்டா மாநிலத்து டோர்வால்ட் ஏரியில் கூடிய 'ஆடவர் நீதிச் சபை'க்குத்தான் போய்ச் சேர வேண்டும். கரையில் கூடினால் மனைவிமார் காதில் விழும். அதனால் உறைந்த ஏரியின் நட்டநடுவே, தலைவர் லோவெலின் மீன்பிடிக் குடிலில் சபை நடக்கும். தரையில் ஓட்டை, ஓட்டைக்குள் தூண்டில், சுற்றிலும் நாற்காலி. உலகத்தின் மனசாட்சி அங்கே உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தது.

லோவெல் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். டுவெய்ன் டயர் கடைக்காரர். மெர்ல் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி பயிற்சியாளர். நான்காவது ஆள் ஆரின், இந்தக் குளிர்காலத்தில்தான் சேர்ந்தவன். பிக்கப் வண்டியின் மூக்கில் இரும்புத் தகடு மாட்டி, ஊரார் வாசல்களில் பனி தள்ளிப் பிழைக்கிறான். அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

சபை நிறைவேற்றத் துடித்த தீர்மானம் ஒன்றே ஒன்று: "சமூகம் பெண்களைவிட ஆண்களையே ஈவிரக்கமின்றி எடைபோடுகிறது." ஆரினுக்கு இதில் சொந்தக் குறை ஒன்று இருந்தது. மகள் கிரேட்டாவை ஊஞ்சலாட விட்டுப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு தாய்மார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அது அவனுக்கு நிஜமாகவே வலித்தது. முதல் கூட்டத்திலேயே அதைச் சொன்னான். சபை ஆழ்ந்த 'அனுதாபத்துடன்' கேட்டது. பிறகு மெர்ல், பட்டப்பகலில் ஆம்பளைக்குப் பூங்காவில் என்ன வேலை என்று விசாரித்தார்.

மார்ச் மாதம் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஏரியில் அந்தக் குளிர்காலத்தின் கடைசிக் கூட்டத்துக்கு ஆரின் கிளம்பும்போது மனைவி மார்லிஸ் வாசலில் வந்து நின்றாள்.

"வண்டியைக் கரையிலயே விட்டுட்டு நடந்து போ, ஆரின். ஐஸ் முன்ன மாதிரி இல்ல."

சரி என்று தலையாட்டினான், செய்யத்தான் போகிறான் என்றும் நம்பினான். ஏரிக்குப் போனால், மற்ற மூன்று வண்டிகளும் குடிலுக்குப் பக்கத்தில் ஜம்மென்று நிற்கின்றன. போன வருஷம் கர்ட்டிஸ் என்ற உறுப்பினர் வண்டியைக் கரையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஊரில் 'கரையோரக் கன்னி' என்று பெயர். பாதிரியார்கூட ஒரு நாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். கர்ட்டிஸ் இப்போது வேறு ஊரில் சாமான் வாங்குகிறார். ஆரின் ஒரு நிமிஷம் யோசித்தான், அப்புறம் வண்டியை ஐஸ் மேலே விட்டான்.

கூட்டம் தொடங்கியது. ஆதாரங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. லோவெலின் மாமியார் நாற்பது வருஷமாக அவரைப் பெயர் சொல்லாமல் 'அந்த ஆளு' என்றே குறிப்பிடுகிறாள். உணவகத்தில் டுவெய்னுக்கு மட்டும் சூப் ஆறிப்போய் வருகிறது. மெர்லின் மனைவி அவர் குறட்டையைப் பதிவு செய்து தன் தங்கைக்கு அனுப்பியிருக்கிறாள்.

"எல்லாரும் கை தூக்குங்க" என்றார் லோவெல்.

ஆரின் தூக்கவில்லை. "இதெல்லாம் ஆதாரமா தலைவரே? சூப்புதானே?"

சபை அவனை முறைத்தது. அந்த நேரம் பார்த்து ஏரி ஒரு முனகு முனகியது. ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலேறிப் பூட்ஸுகளை நனைத்தது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள், பார்க்காதது போலவும் இருந்தார்கள். டுவெய்ன் எதேச்சையாகச் செய்வதுபோல் இரண்டு காலையும் தூக்கி பீர்ப் பெட்டிமேல் வைத்துக்கொண்டார்.

"ஐஸ்னா கொஞ்சம் பேசத்தான் செய்யும்" என்றார் லோவெல்.

எழுந்து வெளியே போக ஒரே ஒரு அடி போதும். ஆனால் முதலில் எழுபவன் சாகும்வரை முதலில் எழுந்தவன்தான். சபை உறுதியாக உட்கார்ந்திருந்தது.

அப்போது வெளியே வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இரும்புத் தகட்டின் பாரத்தில் ஆரினின் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசியாகப் பின்விளக்கும் மறைந்தது. அவனுக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது.

டுவெய்ன் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "டேய், கண்ணைத் தொடைடா. மீனெல்லாம் பாக்குது."

குடிலைச் சுற்றிலும் விரிசல் ஓடியிருந்தது. கரையிலிருந்து யாரோ தகவல் சொல்லி, தீயணைப்புப் படைத் தலைவி டோனா ஆட்களோடு வந்தாள். குப்புறப் படுத்தபடி ஊர்ந்து, விரிசலுக்குக் குறுக்கே நீண்ட ஏணியைத் தள்ளினாள்.

"ஒவ்வொருத்தரா வாங்கப்பா. யாரு முதல்ல?"

டோர்வால்ட் ஏரி அப்படியொரு மரியாதையை அதற்குமுன் கண்டதில்லை. தலைவர்தான் முதலில் போக வேண்டும் என்றார் மெர்ல். கப்பல் மூழ்கினாலும் தலைவன் கடைசியில்தான் இறங்குவான் என்றார் லோவெல். ஹாக்கி பயிற்சியாளர் ஐஸைக் கண்டு ஓடினார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று மெர்ல் கவலைப்பட்டார். தனக்கு அவசரமே இல்லை என்றார் டுவெய்ன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"செத்துப்போனா கௌரவமா இருக்குமா?" என்று டோனா அங்கிருந்தே கேட்டாள். சபை அதையும் பரிசீலித்தது.

ஆரினுக்குக் கிரேட்டாவின் நினைப்பு வந்தது. வண்டி போனது போயிற்று, அப்பனுமா போக வேண்டும்? மண்டியிட்டு, ஏணிமேல் தவழ்ந்தான். அவன் பாதி தூரம் போவதற்குள் பின்னால் மூன்று பேரும் ஏணிக்குத் தள்ளுமுள்ளு போட்டார்கள். இப்போது அவர்களில் யாருமே முதல் ஆள் இல்லையே, பிறகென்ன.

கரையில் மார்லிஸ் காத்திருந்தாள். அவன்மேல் கம்பளியைப் போர்த்தி, அழுதுகொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினாள். மூளையை வண்டியோடு முக்கிவிட்டாயா என்று கேட்டாள். திட்டி முடிக்கும்வரை அவன் கையை விடவில்லை. அவளோடு ஓடி வந்திருந்த பெண்கள் சூடான காபி கொடுத்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி, அன்று பூங்காவில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போன தாய். நாளைக்கு என் வாசலில் பனி தள்ள வேண்டும், என் வண்டியை எடுத்துக்கொள் என்று சாவியை நீட்டினாள். சபைக்கு அது குறிப்பில் சேர்க்கத் தக்க விஷயமாகத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் சபை லோவெலின் கார் கொட்டகையில் கூடியது. ஆரினுக்கு அழைப்பில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் லோவெல் போன் செய்தார். குரலில் துக்கமும் கடமையும் சம அளவில் கலந்திருந்தன.

"ரெண்டு தீர்மானம் போட்டிருக்கோம்ப்பா. ஒண்ணு, சமூகம் ஆம்பளைங்களை ஈவிரக்கமில்லாம எடைபோடுது. ஏகமனதா நிறைவேறிடுச்சு."

"ரெண்டாவது?"

"முதல் ஆளா ஏணியில தவழ்ந்து போனதுக்காக உன்னைச் சபையை விட்டு நீக்கியிருக்கோம். ஊர்ல உனக்கு 'ஏணிக் குழந்தை'ன்னு பேரு வெச்சாச்சு. அதை நான் வெக்கல, மெர்ல் வெச்சது."

மார்லிஸ் என்னவென்று கண்ணால் கேட்டாள்.

"தலைவரே, முதல் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினதா எழுதிக்குங்க. அன்னைக்கு ஆதாரம் பத்தல. இப்ப கிடைச்சிருச்சு."