பாசிப்பச்சைக் காலர்

"அண்ணா, சட்டை பாடி பாசிப்பச்சை. காலர் எதுக்குங்கண்ணா பிரவுனு?"

வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸிலிருந்து சுரேந்தர் போனில் கேட்டபோது, கதிர்வேல் நல்லூரில் இருக்கும் தன் பனியன் கம்பெனியில் ஜன்னலோரம் கனவு கண்டுகொண்டிருந்தார். மத்தியான வெயிலில் பஞ்சுத் தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்தால் போதும், அவருக்குக் கனவு தானாக வந்துவிடும். இன்றைய கனவில் அவருடைய நாற்காலியில் மகள் அனுப்பிரியா உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு வெள்ளைக்காரன் கைகட்டி நின்று அவளிடம் கலர் கேட்டுக்கொண்டிருந்தான்.

கதிர்வேல் மேஜையில் கிடந்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பச்சைக்குப் பச்சைதான தம்பி இருக்குது? உங்க ஆபீஸ்ல லைட்டு சரியில்ல."

"லைட்டெல்லாம் நல்லாத்தானுங்க எரியுது. சனிக்கிழமைக்குள்ள மாத்தலீன்னா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிருமுங்க."

தூக்கம் சுத்தமாகக் கலைந்துவிட்டது. அந்த ஆர்டர் போனால் கனவும் போகும், நாற்காலியும் போகும். படிப்பு முடித்து வந்த மகளுக்கு அவர் கொடுத்த முதல் வேலையே அந்தக் காலர் துணிக்குக் கலர் பார்த்து ஓகே சொல்வதுதான். அவள் பார்த்து ஓகே சொன்னாள். அவரும் ஒருமுறை பார்த்து ஓகே சொல்லி, அவசரம் என்று உடனே தைக்கவும் சொல்லிவிட்டார்.

"அப்பா, எனக்கும் பச்சையாத்தானுங்க தெரியுது" என்றாள் பக்கத்தில் நின்று சட்டையைப் பார்த்த அனுப்பிரியா, அழுகிற குரலில்.

"நீ வெசனப்படாத கண்ணு. நானே வேற காலர் எடுத்துத் தர்றேன்."

ஸ்டோரில் இருந்த கட்டுகளில் தேடி, தன் கையாலேயே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சூப்பர்வைசர் சின்னத்தாய் அதை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேச நேரமில்ல, தைக்கச் சொல்லு" என்றார் கதிர்வேல்.

தைத்த சட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் சுரேந்தர் அலறினான்.

"ஏனுங்கண்ணா, இது செங்கல் கலருங்க! முந்துனதே தேவலைங்க!"

அன்று சாயங்காலம் கம்பெனியே தூங்கி வழிந்தது. மனைவி துளசிமணி இருந்தால் இந்நேரம் காபித் தூக்கோடு வந்து, மெஷின்களுக்கு நடுவே ஒரு சுற்று நடந்துவிட்டுப் போவாள். அந்த நடை அவருக்குப் பிடிக்கும். கோயில் நோம்பிக்காக அவள் மடத்துக்குளத்தில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்குப் போன் செய்து சொல்லலாமா என்று நினைத்தார். திட்டு விழும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு முதலிபாளையத்தில் இருக்கும் கைருதீனிடம் போனார். சாயம் போட்ட துணி வாங்கி விற்கிறவர் கைருதீன். பல வருஷப் பழக்கம். கொடிகளில் தொங்கிய சாயத் துணிகள் காற்றில் மெல்ல அசைய, அப்பாவும் மகளும் அவற்றுக்குள் புகுந்து ஆளுக்கொரு பக்கம் தேடினார்கள். வெளியே வந்தபோது இரண்டு பேர் கையிலும் ஒரே கலர் துணி இருந்தது.

"பாத்தீங்களா பாய்? என்ற மகளும் நானும் ஒரே துணியத்தான் எடுத்திருக்கறோம். ரத்தம் பேசுதுங்க!"

கைருதீன் செங்கல் நிறத் துணிகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அவற்றைப் பக்குவமாக வாங்கி ஓரமாக வைத்தார்.

"காலர் துணிய நானே எடுத்து அனுப்பி வெக்கறேனுங்க. அது என் பொறுப்பு. நீங்க போற வழியில பாப்பாவ ஒருக்கா கண் டாக்டர்கிட்டக் காட்டீருங்க. நீங்களும் கூடவே இருங்க."

டாக்டர் மெஹ்ஜபின் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்குமாம்.

"என்ன நம்பரும்மா தெரியுது?"

"இருபத்தொண்ணுங்க."

டாக்டர் புத்தகத்தை மூடினார். "எழுவத்தி நாலும்மா அது. உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியல. பயப்படாத, இது வியாதி இல்ல. பொறக்கும்போதே ஜீன்ல வர்றது."

"ஜீன்னா என்னங்க?" என்றார் கதிர்வேல்.

"நீங்க பனியன் கம்பெனிக்காரர்தான? துணிக்கு டிசைன் எழுதி வெச்சிருக்கற மாதிரி, உடம்ப எப்படி உருவாக்கணும்னு எழுதி வெச்சிருக்கறதுதான் ஜீன். உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுலயும் மொத்த டிசைனும் இருக்கும். ஆனா கண்ணுல இருக்கற செல்லு கண்ணுக்கு வேணும்ங்கறத மட்டும் படிச்சுக்கும். முடி முடிக்கானத மட்டும் படிக்கும். இதுல ஒரு எழுத்து தப்பானா, அந்தத் தப்பு அப்படியே காப்பியாகி அடுத்த தலைமுறைக்கும் போகும். இவளுக்கு அம்மா வழியில ஒண்ணு வந்திருக்குது."

கதிர்வேலுக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை. அம்மா வழி! மாமனார் ஆத்தப்பன் ஒரு பொங்கலுக்குப் பழுத்த மிளகாய் என்று பச்சை மிளகாயைப் பறித்து வந்த கதை ஊருக்கே தெரியும். அங்கேயே துளசிமணிக்குப் போன் போட்டார்.

"ஏம்புள்ள, உங்கப்பன் பண்ணுன வேலையப் பாத்தியா? அவரு கண்ணுல இருந்த கோளாறு என்ற மகளுக்கு வந்துருச்சு! எங்க வம்சத்துல ஒருத்தனுக்கு உண்டா இது?"

"எங்கப்பாவுக்கு இருக்குதுங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள் துளசிமணி நிதானமாக. "நீங்க டாக்டர் சொல்றத முழுசாக் கேளுங்க."

"போனை வைங்க" என்றார் டாக்டரும். "பையனா இருந்தா அம்மாகிட்ட இருந்து வர்ற ஒண்ணே போதும். பொண்ணுக்கு இந்த ஜீன் ரெண்டு காப்பி. ஒண்ணு தப்பா இருந்தாலும் இன்னொண்ணு தாங்கிக்கும், உங்க சம்சாரத்துக்குத் தாங்கற மாதிரி. ரெண்டுமே தப்பா இருந்தாத்தான் பொண்ணுக்கு வரும். ஒண்ணு அம்மா கொடுத்தாங்க. இன்னொண்ணு யாரு கொடுத்தாங்க?"

டாக்டர் அதே பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினார்.

கதிர்வேல் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு வெற்றிக் குரலில் சொன்னார்.

"இருபத்தொண்ணுதானுங்க இருக்குது! புள்ள சரியாத்தான சொல்லிச்சு?"

அனுப்பிரியா அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில் அவர் வண்டியை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். ரோட்டோர மரங்கள் எல்லாம் எதிரே மிதந்து வந்தன. இவற்றின் உண்மையான நிறம் என்னவாக இருக்கும் என்று முதல்முறையாக யோசித்தார். அவர் உடம்புக்குள் கணக்கில்லாத சின்னச் சின்ன மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லா மெஷினிலும் ஒரே டிசைன், எல்லாவற்றிலும் அதே தப்பு. சத்தமில்லாமல் அந்தத் தப்பை அவை நெய்து நெய்து, பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மகள்வரை கொண்டுவந்து சேர்த்திருந்தன. அவருக்குத் துக்கமாக இருந்தது. கூடவே, அவளும் தானும் ஒரே உலகத்தைப் பார்க்கிறோம் என்பதில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்பா, அப்ப நான் உங்க சீட்டுக்கு லாயக்கில்லீங்களா?"

அவர் வண்டியைக் கம்பெனிப் பக்கம் திருப்பினார்.

கம்பெனிக்குள் நுழைந்ததும் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். கைருதீன் அனுப்பிய காலர் துணி வந்து சேர்ந்திருந்தது. சின்னத்தாய் அதை வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கதிர்வேல் தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் பாப்பாவுக்கும் கலர் தெரியாதாமா. இத்தன வருசம் எப்படி ஓட்டுனேன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். இனி நானோ பாப்பாவோ ஓகே சொல்றதா இல்ல. கம்பெனிய வேற யாருகிட்டயாவது ஒப்படைச்சறலாம்னு இருக்கறேன்."

சொல்லும்போது குரல் உடைந்தது. அனுப்பிரியா அழவே ஆரம்பித்துவிட்டாள். சின்னத்தாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் புரியாதவளைப் போல அவரைப் பார்த்தாள்.

"அதுக்கு எதுக்குங்கண்ணா கம்பெனிய உடறீங்க? நீங்க ஓகே சொல்ற துணிய, சாயங்காலம் காபி கொண்டாற சாக்குல அக்கா வந்து பாத்துத் தலையாட்டுன பின்னாடிதானுங்க நாங்க இத்தன வருசமாத் தைக்கறோம்!"